நூறு வெள்ளிப்பணம்

இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் ஒரு வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். ஏறக்குறைய மூன்று வருடம் அப்படித்தான் இருந்தேன். "அன்றன்றுள்ள எங்கள் ஆகாரத்தை" வரைக்கும் சபையோடு சேர்ந்து சொல்வேன். அடுத்து "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" வரும். அங்கே நிறுத்திவிட்டு, "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்ற இடத்தில் மறுபடியும் சேர்ந்துகொள்வேன். இருநூறு பேர் ஒன்றாகச் சொல்லும்போது ஒருவன் சொல்லாதது யாருக்குத் தெரியப்போகிறது? பக்கத்தில் நிற்கும் என் மனைவிக்கே தெரியவில்லை.

தெரிந்துகொண்டவன் என் நண்பன். கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பெருமாள்மலையில் எங்கள் இருவருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் இறந்துபோனார். அடக்க ஆராதனையில் குழிமேட்டில் என் பக்கத்தில் நின்றான். அவன் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கன்; நான் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டண்ட். எங்கள் ஜெப வாசகம் அவனுக்கு வாயில் வராது என்பதால் சும்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மெதுவாகக் கேட்டான்.

"மாப்ள, நடுவுல ஒரு வரிய முழுங்கிட்டியே. எதுக்கு?"

பஸ் வந்துவிட்டது. அன்று பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

காரணம் ஒரு ஜாமீன் கையெழுத்து. 2019-இல் என் சித்தப்பா மகன் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டுவதற்கு ஒரு வேன் எடுத்தான். ஒரு நிதி நிறுவனத்தில் கடன். மூஞ்சிக்கல்லில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் பள்ளி விடுமுறைக்கெல்லாம் வந்து உட்கார்ந்து வளர்ந்த பையன் அவன். யோசிக்கவே இல்லை, கையெழுத்துப் போட்டேன். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. சுற்றுலா நின்றால் கொடைக்கானல் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் ஏரிச்சாலை ஆளில்லாமல் கிடந்ததை நாங்கள் பார்த்தோம். தவணை நின்றது. வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஏலம் விட்டார்கள். ஏலப் பணம் போக நின்ற பாக்கிக்கு என் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. பேசித் தவணை முடிவாகி, 2022-இலிருந்து மாதம் 4,800 ரூபாய், 36 மாதம் கட்டினேன்.

பணத்தைக்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். அவன் ஓர் இரவு திருப்பூருக்குக் கிளம்பிப் போனான், போன் நம்பரையும் மாற்றிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் தவணை கட்டும்போது, போகிற பணத்தைவிட அந்த மாற்றிய நம்பர்தான் நெஞ்சில் குத்தும். அந்த வலியோடு "மன்னிக்கிறதுபோல" என்று சொல்வது ஆண்டவர் முகத்துக்கு நேரே பொய் சொல்வதாக எனக்குப் பட்டது. அதனால்தான் சொல்லவில்லை.

நண்பன் மேல்மலைக்காரன். பூம்பாறைப் பக்கம் படிக்கட்டு நிலத்தில் ஒன்றரை ஏக்கர் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறான். சாமியாருக்குப் படிக்கப் போய், இரண்டு வருடத்தில் அப்பா இறந்ததால் திரும்பி வந்து மண்வெட்டியைப் பிடித்தவன். அந்த இரண்டு வருடப் படிப்பு அவனை விட்டுப் போகவில்லை. அவனோடு பேசினால் மத்தேயுவும் மருந்தடிப்பும் ஒரே மூச்சில் வரும்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். பூண்டு எடுத்திருந்த சமயம். சமையல்கட்டுக்கு மேலே பரணில் கட்டுக்கட்டாகத் தாளோடு தொங்கவிட்டிருந்தார்கள். விதைக்கு எடுத்து வைக்கிற பூண்டுக்கு அடுப்புப் புகை படவேண்டும், அப்போதுதான் கெடாமல் நிற்கும். கொட்டகையில் விற்பனைக்குப் போகிற பூண்டு குவிந்து கிடந்தது. என் கையிலும் ஒரு கத்தியைக் கொடுத்தான். வேரைச் சீவி, தாளை இரண்டு விரற்கடை விட்டு நறுக்கி, பெரிசு, நடுத்தரம், பொடி என்று மூன்று குவியலாகப் போடவேண்டும். மறுநாள் வடுகபட்டிச் சந்தைக்கு வண்டி போகிறது. பூண்டுச் சாறு விரல் வெடிப்பில் இறங்கி எரிந்தது. கையில் வேலை இருந்ததாலோ என்னவோ, முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கேட்டுவிட்டு அவன் சொன்னது எனக்கு எதிர்பாராத பதில்.

"எங்க செபத்துல அந்த வார்த்தையே இல்ல மாப்ள. எங்களுக்கு எதிராகத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல எங்கள் குற்றங்களை மன்னியும், அப்படித்தான் சொல்றோம். சின்ன வயசுலேர்ந்து சொல்றேன், ஒரு நாள்கூட அந்த வரி என் தொண்டையில நின்னதில்ல. வழுக்கிட்டுப் போயிரும். உனக்குக் கடன்னு இருக்கு. அதான் நிக்குது. உன்னுதுதான் மத்தேயு எழுதினது."

அது உண்மை. மத்தேயுவின் கிரேக்கத்தில் இருப்பது கடன் என்ற சொல்தான். லூக்கா "எங்கள் பாவங்களை" என்று எழுதினாலும் அடுத்த மூச்சிலேயே "எங்களிடத்தில் கடன்பட்ட எவனுக்கும்" என்கிறார். இயேசு பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் புழங்கியது. வரி கட்ட முடியாமல் நிலத்தைப் பறிகொடுத்துக் கூலிக்குப் போன கலிலேயா விவசாயி அந்த ஜெபத்தைக் கேட்டபோது முதலில் அவன் மனதில் எது வந்திருக்கும்? கடன்தான். மோசேயின் சட்டத்தில் ஏழாவது வருடம் கடனை விடுதலை செய் என்று உபாகமம் 15-இல் இருக்கிறது. ஏழாவது வருடம் நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கொடுக்காமல் இருந்துவிடாதே என்றும் அதிலேயே இருக்கிறது. கடன் கொடுக்கிறவன் மனசு அன்றைக்கும் அப்படித்தான்.

கொடைக்கானலில் சலேத் மாதா கோயில் இருக்கிறது. மாதாவிடம் ஜெபிக்கிற வழக்கம் எனக்கு இல்லை, அதை அவனிடம் ஒளித்ததும் இல்லை. ஆனால் அன்று பூண்டு நறுக்கிக்கொண்டே அவன் சொன்ன சலேத் கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 1846 செப்டம்பர் 19. பிரான்சில் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலனி, மாக்சிமின் என்ற இரண்டு பிள்ளைகள், ஒரு பெண் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுததைக் கண்டதாகச் சொன்னார்கள். அவள் பேசியதில் உருளைக்கிழங்கு அழுகிப்போனது வருகிறது. ஐரோப்பாவில் கிழங்கு நோய் பரவி அயர்லாந்து பஞ்சத்தில் கிடந்த காலம். பேச்சு பிரெஞ்சில் தொடங்கியிருக்கிறது. பிரெஞ்சில் உருளைக்கிழங்குக்கு நிலத்து ஆப்பிள் என்று பொருள்படும் பெயர். மலைப்பிள்ளைகள் புரியாமல் விழித்தார்கள். உடனே அவள், புரியவில்லையா பிள்ளைகளே, வேறு மாதிரி சொல்கிறேன் என்று அந்த வட்டாரப் பேச்சுக்கு மாறினாள் என்பது அவர்கள் சாட்சி.

"எந்த வார்த்தையில மாறுனா பாத்தியா? உருளக்கெழங்குல!" என்றான். கிழங்கு போடுகிறவன் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "அந்த மாதிரிதான் மாப்ள கடனுங்கிற வார்த்தையும். நமக்குப் புரியுற பாஷையில எறங்கி வந்தது அது. அத மாத்திக் குற்றம்னு போட்டா ஒசரமா இருக்கும். வயக்காட்டுல இருக்கறவனுக்குப் புரியாது."

சரி, புரிகிறது, அதனாலேயே சொல்ல முடியவில்லை என்றேன். என் பாக்கி சின்னத் தொகை இல்லை என்றேன். மத்தேயு 18-ஐ யாராவது எடுத்துக்காட்டுவார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனுக்கு அத்தனையும் தள்ளுபடி ஆகிறது. வெளியே வந்தவன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் தொண்டையை நெரிக்கிறான். பிரசங்கத்தில் எப்போதும் அந்த நூறு வெள்ளிப்பணத்தை அற்பத் தொகை, சில்லறைக் காசு என்றே சொல்லிக் கேட்டிருக்கிறேன். உனக்குச் செய்த தீங்கும் அப்படி அற்பம்தானே, விட்டுவிடு என்பதுதான் அதன் அர்த்தம் என்று நினைத்துக் கசந்துபோயிருக்கிறேன்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"யார் சொன்னா அற்பம்னு? திராட்சத் தோட்டக் கூலிக்காரன் கதையில ஒரு நாள் கூலி எவ்வளவு? ஒரு பணம். அதே காசுதான் இது. அப்ப நூறு வெள்ளிப்பணம்னா?"

நூறு நாள் கூலி. நூறு நாள் வேலை! தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்தில் போய்ச் சொன்னாலும் பாட்டிமார்கூட உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள். அரசின் நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-க்கு இங்கே நிர்ணயித்திருந்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அப்படியென்றால் 33,600 ரூபாய். ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அந்த வருடம் அந்தத் திட்டத்தில் வரக்கூடியதாக இருந்த மொத்தப் பணம். அதை ஒருவன் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை என்றால் யாருக்கும் வயிறு எரியும்.

ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு நூறு நாள் வேலை கிடைத்தால் கட்டி முடிக்க ஆறு லட்சம் வருடம் ஆகும். ஜெராக்ஸ் கடைக் கால்குலேட்டரில் மறுநாள் நானே தட்டிப் பார்த்தேன். அந்த எண் பெரிது என்பது எனக்கு முன்பே தெரியும். எனக்குப் புதிதாக இருந்தது சின்ன எண்தான். இயேசு அந்தச் சக வேலைக்காரனின் கடனை வேண்டுமென்றே அற்பமாக்கவில்லை. ஒரு செம்புக்காசு என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நூறு நாள் வியர்வை என்று சொன்னார். நீ இழந்தது நிஜம்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் பேசுகிறார். மூன்று வருடமாக இதை யாராவது என்னிடம் சொல்லமாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஆனாலும் அன்று சண்டையில்தான் முடிந்தது. அவன் மனைவி வரக்காப்பி கொண்டுவந்து வைத்த நேரத்தில் நான் கேட்டேன். சிலுவையில் இயேசு நம் கடனைக் கட்டித் தீர்த்தார் என்கிறோம். யாரோ கட்டிவிட்டால் அது மன்னிப்பு இல்லையே, வசூல்தானே? என் விஷயத்தில் அந்த நிறுவனம் யாரையும் மன்னிக்கவில்லை. அவன் கட்டாததை என்னிடம் வாங்கிக்கொண்டது. பிதா அப்படிப்பட்டவரா? கடைசிக் காசு வரை வாங்காமல் விடமாட்டாரா?

அவன் ஆன்செல்மில் தொடங்கினான். 11-ஆம் நூற்றாண்டின் முடிவில் கான்டர்பரி பேராயராக இருந்தவர். கடவுளுக்குச் செலுத்த வேண்டிய மதிப்பைச் செலுத்தாததே பாவம், அந்தக் கடன் மனிதனுடையது, ஆனால் கட்டும் சக்தி கடவுளுக்கு மட்டுமே உண்டு, ஆகவே கடவுள் மனிதரானார் என்பது அவர் வாதம். அதைக் கேட்டு எனக்குக் கோபம் கூடியது. கணக்குப்பிள்ளை மாதிரிப் பேசாதே என்றேன். அவன் நிதானமாக வேறு பக்கம் போனான்.

"2021-ல கூட்டுறவுக் கடன் தள்ளுபடி ஆச்சுல்ல? 12,110 கோடி. 16 லட்சத்துக்கு மேல விவசாயி. என் பயிர்க்கடனும் அதுல போச்சு. அந்தப் பணம் காத்துல கரஞ்சிருச்சா? தள்ளுபடின்னா யாரோ அந்த நட்டத்தத் தாங்குறாங்கன்னு அர்த்தம். தாங்காம தள்ளுபடி கெடையாது. நீ தாங்கின. ஒன்னய மாட்டிவிட்டாங்க, நீ தாங்கின. அது அநியாயம், நான் ஒத்துக்கறேன். ஆனா சிலுவையில மூணாவது ஆள் யாரும் இல்ல மாப்ள. உங்க பைபிள்ல எபிரெயர் ஏழுல பிணையாளின்னு போட்டிருக்கே, ஜாமீன்காரன்தான அது? கடன் கொடுத்தவனே வந்து ஜாமீன் கையெழுத்தும் போட்டா என்ன பண்ணுவ? ஒலகத்துல எவன் அப்படிப் போடுவான்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜாமீன் போட்டவன் பாடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நோட்டீஸ் கொண்டுவரும் தபால்காரரைப் பார்த்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஊரில் நாலு பேர் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். கிறிஸ்து அந்த இடத்தில் வந்து நின்றார் என்று சின்ன வயதிலிருந்து பாடியிருக்கிறேன். அது என் இடம் என்று அன்றைக்குத்தான் பட்டது. திரித்துவம் என்பதை எனக்கு ஞாயிறு பள்ளியில் மூன்று மெழுகுவர்த்தி கொளுத்திக் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தந்தையும் மகனும் ஒன்று என்பது இப்படி ஒரு கடன் பத்திரத்தில் உயிர்போகிற விஷயம் என்று எவரும் சொல்லித்தரவில்லை.

இங்கே அவனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சொல்லலாம் என்று அவனே சம்மதித்தான். அவனுடைய முதல் குழந்தை பதினோரு மாதத்தில் காய்ச்சல் முற்றி, வத்தலக்குண்டுக்கு இறங்குகிற மலைப்பாதையிலேயே அம்மா மடியில் இறந்துபோனது. பதினான்கு வருடம் ஆகிறது. நான் அதைப் பற்றி அவனிடம் கேட்டதே இல்லை. அன்று இருட்டிய பிறகு, கொட்டகை விளக்கில், அவனாகச் சொன்னான்.

"நீ ஒன் தம்பிய மன்னிக்கலேங்கிற. நான் ஆண்டவரையே மன்னிக்கல மாப்ள. அவரு எனக்குக் கடன்பட்டிருக்காரு. பூசைக்குப் போறேன், நன்ம வாங்குறேன், எல்லாம் பண்றேன். ஆனா அந்தக் கணக்கு நிக்குது. அவருக்கும் தெரியும்."

இப்படிச் சொல்லலாமா என்று முதலில் திடுக்கிட்டேன். எங்கள் பக்கத்தில் இப்படி ஒருவர் பேசினால் உடனே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவோம், பேசியதை அமுக்குவதற்காக. ஆனால் சங்கீதப் புத்தகத்தில் 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. ஆறுதல் ஒரு வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதம் சேர்த்துவைத்திருக்கிறது. அவனுக்கு நான் பதில் எதுவும் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. குவியலில் மிச்சமிருந்த பூண்டை இரண்டு பேரும் நறுக்கி முடித்தோம்.

சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தபோது அவன் அப்பத்தாவின் பேச்சு வந்தது. அவள் புது வாசகத்துக்கு மாறவே இல்லையாம். சாகும்வரை பழைய செபம்தான். "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்." கிழவி குரலில் அவன் சொல்லிக்காட்டினான். "பொறுத்தருளும்" என்பதை இழுத்து, மூச்சு வாங்கிச் சொல்வாளாம்.

மன்னிப்பது என்றால் எனக்கு எப்போதும் மனதில் வந்தது அழிப்பதுதான். ஸ்லேட்டைத் துடைப்பதுபோல. என்னால் அது முடியாது, 36 ரசீதும் என் கடை மேஜைக்குள் இருக்கிறது. பொறுப்பது வேறு. பழைய தமிழில் பொறை என்றால் சுமை. தன்னைத் தோண்டுகிறவனையும் தாங்குகிற நிலத்தைக் காட்டித்தான் வள்ளுவர் பொறையுடைமையைத் தொடங்குகிறார். தினமும் மண்ணைக் கொத்துகிற குடும்பத்தில் அந்தச் சொல் வாயோடு நின்றுவிட்டது, எங்கள் வாசகத்தில் அது இல்லை, அவர்கள் புது வாசகத்திலிருந்தும் போய்விட்டது. ஆனால் எங்கள் யோவானில் அதன் நிழல் இருக்கிறது என்று அவனுக்கு நான் சொன்னேன். அவர்கள் பூசையில் "உலகின் பாவங்களைப் போக்கும்" செம்மறி. எங்கள் வேதத்தில் "உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி". கிரேக்கச் சொல்லுக்கு அகற்றுவது, தூக்குவது இரண்டும் பொருள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் சுமக்க வைத்தார்கள்.

"சுமந்துதீர்க்கிற" என்று அவன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். பிறகு, "அப்ப அவரும் என்னயப் பொறுத்துக்கிட்டிருக்காரு, நானும் அவரப் பொறுத்துக்கிட்டிருக்கேன்" என்றான். சாக்கின் வாயை இழுத்து முடிச்சுப் போட்டான்.

ஆகஸ்டில் என் கடைசித் தவணை முடிந்தது. கோயிலில் அந்த வரியைச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். முழுதாக இன்னும் வரவில்லை. "எங்கள் கடனாளிகளுக்கு" வரை வருகிறது. அந்த இடத்தில் அவன் முகம் வருகிறது, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பத்து வயது முகம். அதற்குள் சபை அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

டிசம்பர் முதல் வாரம் சித்தி போன் பண்ணினார். கடையில் கூட்டம், யாரோ ஆதார் கார்டு நகல் கேட்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் குளிர், மழை என்று பேசிவிட்டு, குரலை இறக்கி, "கிறிஸ்மஸுக்கு அவன் வரட்டுமாப்பா? அண்ணன் மொகத்துல எப்படி முழிப்பேன்னு அழுகுறான்" என்றார்.

"வரட்டும் சித்தி" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மெஷினிலிருந்து வந்து விழுந்த வீண் தாள் ஒன்றைத் திருப்பி, பேனாவை எடுத்தேன்.

"அவன் புது நம்பர் என்ன சித்தி? சொல்லுங்க, எழுதிக்கறேன்."